நிந்தவூரில் விழுந்த ஹார்ட் டிஸ்க்கும் மாமியின் ஒரே படமும்

என் மனைவி ஷிரீன் ஓமானுக்கு ஆஸ்பத்திரித் தாதியாகப் போய் இரண்டு வருடம். பெரும்போக நெல் அறுவடை தொடங்கிய கிழமை ஃபோனில் கேட்டாள்: "உம்மாவ நல்ல கமராவால ஒரு படம் எடுத்துத் தாங்களன். வீடியோ கோல்ல அவ வீட்டு முகட்டத்தான் காட்டுறா." எதையும் கேட்கிற ஆள் இல்லை அவள். கல்யாண வீடுகளில் படமெடுக்கும் வேலைகளைத் தள்ளிப் போட்டுவிட்டுக் கண்டியிலிருந்து அவளுடைய ஊரான நிந்தவூருக்குக் கிளம்பினேன்.

காலை ஆறு மணி பஸ். அம்பாறை வழியாகக் கல்முனைக்கு ஏழு மணித்தியாலம். அங்கிருந்து நிந்தவூர் எட்டு கிலோமீற்றர். அக்கரைப்பற்று பஸ்கள் போகும், ஆனால் என் பைகளோடு ஏற முடியவில்லை. ஓட்டோவுக்கு எண்ணூறு ரூபா கொடுத்தேன். சாய்ந்தமருதில் டிரைவர் திரும்பிப் பார்த்து, "கமராவா? கவனம். எங்கட கடல் காத்து டீவியையே தின்னும்" என்றார்.

வெயிலும் உப்பும் நெல்தூசியும் சேர்ந்த ஊர் இது. வெளியில் வேலை செய்பவர்கள் லெப்டொப் வாங்கும்போது வேகத்துக்கு முன் திரையைப் பாருங்கள். பளபளப்பில்லாத, வெயிலிலும் தெரிகிற வெளிச்சமுள்ள திரை வேண்டும். என்னுடையது பதினான்கு அங்குலம், ஒன்றரைக் கிலோவுக்குக் குறைவு, பவர் பேங்கிலேயே சார்ஜ் ஏறும். வயல் வரம்பில் உட்கார்ந்து படம் பார்க்க அது போதும்.

ஷிரீனின் உம்மா, என் மாமிக்குப் படமெடுப்பது பிடிக்காது. "ஷிரீனுக்கு" என்றதும் முற்றத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். பாயில் காய்ந்த நெல்லை வெறுங்காலால் கிளறிக்கொண்டே, "ஒண்டு எடுங்க மகன். இனிக் கேக்கப்படாது" என்றார். ஒன்றுதான் எடுத்தேன்.

அன்று மாலை வழக்கம்போலப் படங்களை ஹார்ட் டிஸ்க்கிலும், உள்ளே எதுவும் சுழலாத சிறிய எஸ்.எஸ்.டி.யிலும் போட்டுவிட்டு, மெமரி கார்டை அழித்தேன். எஸ்.எஸ்.டி.யை மாமி வீட்டு அலுமாரியில் வைத்தேன். மற்றதெல்லாம் பையில். மறுநாள் கடற்கரையில் மீனவர்கள் கரைவலை இழுப்பதைப் படமெடுக்கப் போகையில், இரவல் வாங்கிய மோட்டார் சைக்கிளிலிருந்து பை தார் ரோட்டில் விழுந்தது. லெப்டொப் தப்பியது. ஹார்ட் டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போட்டதே தவிரத் திறக்கவில்லை. உள்ளே தட்டுச் சுழலும் டிஸ்க்குகள் அப்படித்தான், ஒரு விழுகையே போதும். கடலைப் பார்க்காமல் வீட்டுக்குத் திரும்பி அலுமாரியைத் திறந்தேன். படம் இருந்தது.

சுருக்காமல் முழு அளவில் அனுப்பினேன். ஷிரீன் ஃபோனில் கூப்பிட்டபோது நன்றி சொல்வாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு.

"உம்மாட காலப் பாத்தீங்களா?"

"நெல்லு கிளறுறா."

"அதில்ல. பெரிசாக்கிப் பாருங்க. ரெண்டு காலும் வீங்கிப் போய்க் கிடக்கு. படுத்தா மூச்சு முட்டுதாண்டு கேளுங்க."

கேட்டேன். மாமி நெல்லைப் பார்த்தபடி, "ஓம். அவக்கிட்டச் சொல்லாதீங்க" என்றார்.

அன்றே நானும் ஷிரீனின் தங்கையும் மாமியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். இதயம் பலவீனம், உடம்பில் நீர் தேங்குகிறது என்றார்கள். மருந்து தொடங்கியது. ஷிரீன் லீவு கேட்டாள். அங்கே ஆள் போதாது என்று தள்ளிப் போட்டுவிட்டார்கள். எத்தனையோ பேரின் காலைத் தொட்டுப் பார்க்கிறவளுக்குத் தன் உம்மாவின் காலைத் தொட வழியில்லை.

படமெடுக்கப் பயணம் போகிறவர்களுக்கு: படங்களுக்கு இரண்டு பிரதி வையுங்கள், ஒரே பையில் வேண்டாம். பயணத்துக்கு எஸ்.எஸ்.டி.யே நல்லது, சுழலும் டிஸ்க் வீட்டு மேசையில் இருக்கட்டும். இரண்டாவது பிரதி திறக்கிறதா என்று பார்க்காமல் கார்டை அழிக்காதீர்கள். ஒவ்வொன்றையும் உப்பும் தூசியும் புகாமல் இறுக மூடும் டப்பாவில் வையுங்கள்.

இப்போது ஒவ்வொரு வெள்ளியும் ஷிரீனின் தங்கை ஃபோனில் உம்மாவின் கால்களைப் படமெடுத்து அனுப்புகிறாள். மாமி மறுப்பதில்லை. போன வெள்ளி, வீக்கம் வடிந்து கணுக்கால் எலும்பு தெரியத் தொடங்கிவிட்டது என்று ஷிரீன் என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டு அழுதாள்.