மூன்று நூல் கூடுதல்

தங்கை ஜெயித்தவற்றை அக்கா விரல் விட்டு எண்ணத் தொடங்கினால் இரண்டு கையும் போதாது. "பொம்பளைக்கு எதுக்கு வெல்டிங்?" என்று வாடகைக்கு இடம் தர மறுத்த அதே தெருவில் சொந்தக் கொட்டகை போட்டாள். எட்டாம் வகுப்புச் சான்றிதழ் இல்லையென்று பயிற்சியில் சேர்க்காமல் திருப்பி அனுப்பிய நிலையத்துக்கு, வருடம் இரண்டு முறை போய் மாணவர்களுக்குச் செய்து காட்டுகிறாள். பழைய தியேட்டரின் டிக்கெட் ஜன்னல், ரயில் நிலையத்துக் காத்திருப்பு அறை, பெரிய வீதியில் பதினோரு பால்கனிகள் என்று, உடைத்து எடைக்குப் போட இருந்த வார்ப்பிரும்புக் கிராதிகள் எத்தனையோ அவள் கைபட்டுப் பிழைத்து நிற்கின்றன. காரமும் அரமும் தின்று அவள் கட்டைவிரலில் ரேகையே கிடையாது. எந்தக் கைரேகை எந்திரமும் அந்த விரலை ஏற்றுக்கொள்வதில்லை. ஊர் ஏற்றுக்கொண்டுவிட்டது.

இத்தனைக்கும் முன்னால் ஒரு மாடிப்படி இருந்தது. அதில் கோட்டை விட்டிருந்தால் மேலே சொன்ன எதுவும் நடந்திருக்காது.

தங்கையை எல்லோரும் காந்தம் என்றுதான் கூப்பிடுவார்கள். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய வட்டக் காந்தம் ஒன்றைக் கயிற்றில் கட்டிக் கையில் வைத்துக்கொண்டு, குப்பைமேடு, சாக்கடை ஓரம், இடிபடும் வீடு என்று ஒன்று விடாமல் நுழைந்து வருவாள். காந்தம் ஒட்டினால் ஓர் ஆணியால் தட்டிப் பார்ப்பாள். கணீரென்றால் இரும்பு ஆரோக்கியமாக இருக்கிறது. சொத்தென்றால் உள்ளே விரிசல்.

அக்கா தையற்காரி. எட்டாம் வகுப்பு வரை படித்தவள். அளவெடுக்கும்போது எதிரில் நிற்பவர் மூச்சு விடக்கூடாது என்பது அவள் கடையின் சட்டம். அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்குக்கு ஒரு நூல் என்று பெயர். அரை நூல் பிசகினாலும் அக்காவுக்குச் சோறு இறங்காது. அளவுகளையெல்லாம் கோடு போட்ட நோட்டில் எழுதி வைப்பாள். தங்கை கையெழுத்துப் போட வேண்டிய இடங்களிலெல்லாம் அவளுக்குப் பதிலாகப் போட்டுக் கொடுப்பதும் அக்காதான். மூன்றாம் வகுப்பில் வாத்தியார் தங்கையின் சிலேட்டை வகுப்பு முழுக்கத் தூக்கிக் காட்டிச் சிரித்தார். அன்று கீழே வைத்த குச்சியை அவள் மறுபடி எடுக்கவில்லை.

நகராட்சிக் கட்டடத்தின் மாடிப்படியில் இருபத்துநாலு வார்ப்பிரும்புக் கிராதிகள் இருந்தன. ஒவ்வொன்றும் முப்பத்தாறு அங்குல உயரம். அகன்ற இலைகளோடு கொடி ஒன்று சுற்றிச் சுற்றி ஏறும் வேலைப்பாடு. எப்போதோ நடந்த ஒரு பழுதுபார்ப்பில் ஒன்று காணாமல் போய், அந்த இடத்தில் மூங்கிலைக் கட்டி வைத்திருந்தார்கள். மொத்தத்தையும் பெயர்த்துவிட்டு எவர்சில்வர் குழாய் போடத் திட்டமிட்டிருந்தார் இன்ஜினியர். பழசையே சரிசெய்து தருகிறேன் என்று காந்தம் அவர் அறை வாசலில் நான்கு நாள் நின்றாள்.

ஐந்தாம் நாள் அவர் இறங்கி வந்தார். "இங்க பாரும்மா. இருபத்துநாலும் ஒரே மாதிரி இருக்கணும், ஆடாம நிக்கணும். செப்டம்பர் முப்பது வரைக்கும் டைம். ஒண்ணு குறைஞ்சாலும் அத்தனையும் எடைக்குப் போகும். அப்புறம் இந்தப் பக்கம் வரக்கூடாது."

"வரமாட்டேன் சார். நீங்கதான் என் கொட்டகைக்கு வருவீங்க" என்றாள் காந்தம். கொட்டகை என்று அப்போது ஒன்றும் இல்லை. அக்கா தையல் கடையின் பின்பக்கத் தாழ்வாரம்தான்.

காரத் தண்ணீர்த் தொட்டியில் ஊறப் போட்டு, ஏழு அடுக்கு பெயின்டைச் சுரண்டியெடுத்தாள். விரிசல் விட்ட இரண்டை முழுசாகச் சூடாக்கி, பித்தளை உருக்கி ஒட்டி, ஒரு நாள் முழுக்கச் சாம்பலில் புதைத்து மெல்ல ஆறவிட்டாள். வார்ப்பிரும்பை அவசரப்படுத்தினால் வெடித்துவிடும். இருபத்துமூன்றும் தேறின. காணாமல் போன ஒன்றைப் புதிதாக வார்க்க வேண்டும். மர அச்சு செதுக்குபவர் நான்கு மாதம் கேட்டார். அதனால் இருந்ததில் நல்ல கிராதி ஒன்றையே அச்சாக வைத்து மணலில் பதித்து வார்க்கலாம் என்று முடிவாயிற்று.

வார்ப்புப் பட்டறைக்காரர் வழக்கம்போல் கேட்டார்: "சுருக்கத்துக்கு விட்டாச்சா?"

அக்காவுக்குச் சுருக்கென்றது. தன் அளவிலா சந்தேகம்? "அளவெல்லாம் அச்சு அசல்ண்ணே. நானே மூணு தடவை எடுத்திருக்கேன்."

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. உருக்கிய இரும்பு ஆறும்போது சுருங்கும் என்பதைத்தான் அவர் கேட்டார். அது தெரியாமலே அக்கா தலையாட்டிவிட்டாள். புதுக் கிராதி மூன்று நூல் குட்டையாக வந்தது. போல்ட் துளை ஒன்றுகூட நேருக்கு வரவில்லை. ஓரத்தில் நீட்டி ஒட்டினால் நடுத் துளைகள் தப்பும். இருந்தாலும் கம்பி போட்டுக் கட்டி நிறுத்திப் பார்த்தார்கள். இன்ஜினியர் வந்து கைப்பிடியை ஓர் ஆட்டு ஆட்டினார். கடகடவென்று சத்தம் மேல்மாடி வரை போனது.

"ஏம்மா, தொட்டில் வேணும்னு நான் கேட்டேனா?" என்றார். "இன்னும் பத்தொன்பது நாள் இருக்கு. நான் குழாய்க்குச் சொல்லிடறேன்."

அன்று சாயங்காலம் சகோதரிகள் இருவரும் நடந்தே திரும்பினார்கள். பேருந்து நிலையத்துக்கு எதிரில், தள்ளுவண்டியில் கரி மூட்டிச் சோளக்கதிர் சுடுபவரிடம் காந்தம் நின்றாள்.

"உனக்கு எப்படிடி பசிக்குது?" அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "எல்லாம் என்னாலதான். துவைச்சா சுருங்கும்னு துணியில அரை அங்குலம் விடாம வெட்டினதில்ல நான். இரும்புல போய் ஏமாந்துட்டேன்."

"அழுதுட்டே சாப்பிடு, உப்புப் போடாமலே ருசியா இருக்கும்" என்று ஒரு கதிரை அக்கா கையில் திணித்துவிட்டுத் தன் கதிரைக் கடித்தவள், அப்படியே நிறுத்தினாள்.

"என்னடி, கல்லா?"

"அக்கா, இந்தச் சோளத்தைப் பாரேன்."

மஞ்சள் மணிகளின் மேல் கறுப்பாகச் சூடு விழுந்திருந்தது. வளைந்து ஏறும் ஒரு கோடு. பக்கத்தில் அகன்ற இலை, நரம்போடு.

காந்தம் வண்டியை எட்டிப் பார்த்தாள். கரிக்கு மேலே கிடந்தது காணாமல் போன கிராதி.

"அண்ணே, இந்த இரும்பைத் தர்றீங்களா?"

"சோளம் கேளு, தர்றேன். அடுப்பையே கேட்டா நான் எதுல பொழைக்கிறது? இருபத்திரண்டு வருஷமா சோறு போடுதும்மா இது."

"பொருந்தலேன்னா பத்திரமா திருப்பித் தந்துடுவேன். இதுக்குப் பதிலா வேற ஒண்ணு அடிச்சுத் தர்றேன்."

மறுநாள் அவள் அடித்துக் கொண்டுவந்த புதுக் கம்பிவலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகே, மகளைக் கட்டிக் கொடுக்கிற முகத்தோடு கிராதியை இறக்கிக் கொடுத்தார் சோளக்காரர். தாழ்வாரத்தில் வைத்து அக்கா டேப்பைப் பிடித்தாள். இன்னொரு டேப்பை எடுத்துவந்து மறுபடி பார்த்தாள்.

"மூணு நூல் கூடுதல்டி."

பட்டறைக்காரரைக் கூட்டிவந்து காட்டினார்கள். "தினம் தினம் செவக்கச் சுட்டு ஆறவிட்டா வார்ப்பிரும்பு வீங்கிடும். வீங்கினது பழையபடி திரும்பாது" என்றார் அவர். காந்தம் ஆணியால் தட்டினாள். சொத்தென்றது. படிக்கட்டில் நிறுத்தினால் ஒருவர் சாய்ந்தாலே ஒடிந்துவிடும்.

அக்கா நோட்டில் அளவை எழுதிவிட்டு மூடினாள். காந்தம் அதை வாங்கி அதே பக்கத்தைத் திறந்தாள். எழுத்துதான் அவளுக்கு ஆகாது. எண்களோடு சண்டை கிடையாது. ஒரு வரியில் மூன்று நூல் கம்மி. அடுத்த வரியில் மூன்று நூல் கூடுதல். அவள் சிரிக்க ஆரம்பித்தாள்.

"அக்கா, சுருங்குற துணியை எப்படி வெட்டுவ?"

"கொஞ்சம் கூட விட்டு வெட்டுவேன்."

"சோளக்கார அண்ணன் இருபத்திரண்டு வருஷமா நமக்காகக் கூட விட்டு வெட்டியிருக்காரு. இது மாட்டுறதுக்கு இல்லக்கா. இதுதான் அச்சு!"

பட்டறைக்காரர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "அடிப்பாவி! எனக்குத் தோணலையே!"

நடுவில் இருந்த இரண்டு இலைகள் மட்டும் அளவுக்கு மீறி வீங்கியிருந்தன. அரத்தாலும் மெழுகாலும் அவற்றைச் சரிசெய்ய இரண்டு நாள் பிடித்தது. பட்டறையில் காந்தமே மணலை இடித்து இறுக்கி அச்சுக் கட்டினாள். இரும்பு உருகிக் கொதித்துக்கொண்டிருந்தது. பட்டறைக்காரர் ஊற்றாமல் நின்றார்.

"பேரு போடு."

"எதுக்குண்ணே?"

"அந்த இருபத்துமூணுக்கும் பின்னால பாத்தியா? அச்சுக் கட்டினவன் பேரு இருக்கும். பேரு இல்லாத அச்சுல நான் ஊத்தறதில்ல."

சோளக்காரருடைய கிராதியின் பின்பக்கம் கரியில் தேய்ந்து மழமழவென்று இருந்ததால், மணலிலும் அந்த இடம் வெறுமையாக இருந்தது. வழக்கம்போல் அக்கா முன்னால் வந்தாள். ஆணியை வாங்கி, அழகாக முதல் எழுத்தைக் கீறினாள்.

"ஐயோ, அழிங்க! மணல்ல நேரா எழுதினா இரும்புல திரும்பி வரும். கண்ணாடில தெரியுற மாதிரி எழுதணும்."

அக்கா அழித்துவிட்டு யோசித்தாள். ஒற்றைக் கொம்பு எந்தப் பக்கம் போகும்? மறுபடி கீறினாள், மறுபடி அழித்தாள். இரும்பு ஆறிவிடும் என்று பட்டறைக்காரர் அவசரப்படுத்தினார்.

"ஆணியைக் கொடுக்கா" என்றாள் காந்தம்.

வலது ஓரத்தில் தொடங்கி இடப்பக்கமாக, கை நிற்காமல், தன் முழுப் பெயரையும் எழுதி முடித்தாள். ஒவ்வோர் எழுத்தும் திரும்பி நின்றது. மூன்றாம் வகுப்பு சிலேட்டில் எழுதியது இப்படித்தான். வாத்தியார் தூக்கிக் காட்டியது இதைத்தான். பட்டறைக்காரர் உடைந்த கண்ணாடித் துண்டை மணலுக்கு எதிரே பிடித்தார். கண்ணாடிக்குள் பெயர் நேராக நின்றது. ஒரு புள்ளிகூடத் தப்பவில்லை.

"ஊத்துங்கண்ணே" என்றாள் அக்கா.

முப்பதாம் தேதி காலையில் இன்ஜினியர் வந்தபோது இருபத்துநாலும் கறுப்பு பெயின்டில் வரிசையாக நின்றன. போல்டுகளைக் காந்தம் விரலாலேயே திருகி ஏற்றியிருந்தாள். ஸ்பேனர் கடைசிச் சுற்றுக்குத்தான் தேவைப்பட்டது. அவர் கைப்பிடியைப் பிடித்து ஆட்டினார். பிறகு தோளைக் கொடுத்துத் தள்ளினார். சத்தமே இல்லை.

"எதும்மா புதுசு?"

"நீங்களே சொல்லுங்க சார்."

அவர் மேலும் கீழுமாக இரண்டு தடவை நடந்துவிட்டு ஒன்றைக் காட்டினார். அது பழசு. காந்தம் வாயைப் பொத்திக்கொண்டாள். இன்ஜினியர் குனிந்து, செல்போன் வெளிச்சத்தில் ஒவ்வொன்றின் பின்பக்கத்தையும் பார்த்துக்கொண்டே வந்தார். எல்லாம் எப்போதோ இருந்த யார் யாரோ ஆண்கள் பெயர். பதினேழாவதில் நின்றார். குழந்தை எழுதியதுபோல் குண்டு குண்டான எழுத்தில் ஒரு பெண்ணின் பெயர் இரும்பில் மேடாக எழுந்து நின்றது.

"இது யாரு?"

"நான்தான் சார்."

நிமிர்ந்தவர், குழாய்க்கு எழுதி வைத்திருந்த தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். "மாடி ஜன்னல் அறுபது இருக்கு. வந்து பாரு" என்றார்.

சோளக்காரரின் கிராதி அன்றைக்கே அவர் அடுப்புக்குத் திரும்பியது. புதுக் கம்பியில் சுட்ட சோளத்தில் இலை விழவில்லை என்று வாடிக்கையாளர்கள் குறைப்பட்டுக்கொண்டார்களாம்.

அக்காவின் நோட்டில் அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது. மூன்று நூல் கம்மி, மூன்று நூல் கூடுதல் என்ற இரண்டு வரிகளுக்குக் கீழே, பட்டறையிலிருந்து வந்த கையோடு மணல் ஒட்டிய விரலோடு அக்கா எழுதிய மூன்றாவது வரி: தங்கை போட்ட முதல் கையெழுத்து, 2014 செப்டம்பர் 17, புதன்கிழமை.