அபின் பலகை தொங்கும் கடை

நாட்டு மருந்துக் கடையில் நிற்பவர்களிடம் யாரும் சாமானை மட்டும் கேட்பதில்லை. முதலில் வியாதியைச் சொல்வார்கள், பிறகு அது வந்த கதையை, கடைசியில்தான் அம்பது கிராம் ஓமம். கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் கடுத்தவர்களே, உங்களுக்குத் தெரியாததா?

ஓ.எல். பரீட்சை எழுதிவிட்டு யட்டியாந்தோட்டை பஜாரில் மாமாவின் கடையில் நிற்கிறேன். சுவரில் ஒரு பழைய தகரப் பலகை. மாமாவின் பூட்டன் வெள்ளைக்காரன் காலத்தில் லைசன் எடுத்து இங்கே அபின் விற்றாராம். அதற்கான கவர்மென்ட் விதிகள் அதில் இருக்கின்றன. சுக்கு மடித்துக் கொடுப்பதற்குள் எல்லோரும் அதை வாசித்துவிடுவார்கள். துரை குரலில் விளக்கம் சொல்வது நான். மாமா வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். இந்த மாதம் கடை லைசனைப் புதுப்பிக்க ஆள் வர வேண்டும். அவர் இதைப் பார்த்துவிட்டு முடியாதென்றால் கடையை மூட வேண்டியதுதான்.

கடைக்குள் சாப்பிடக் கூடாது

"வாங்கியதைக் கடையில் வைத்து உட்கொள்ளலாகாது" என்று ஒரு விதி. த்ரீவீல் ஓட்டும் ரவி அண்ணன் அதை இரண்டு தரம் வாசித்தார். நான் தொண்டையை இறுக்கி, "யூ மேன், வாங்கு, போ, இங்க மயங்காதே" என்று துரையானேன். அண்ணன் சிரிக்கவில்லை. பலகையைக் காட்டிச் சொன்னார்: "மயங்க வேணாம்னு சொல்லல புள்ள, எங்க கண்ணு முன்னால வேணாம்னு சொல்லியிருக்கான்."

பெண்களுக்கு இல்லை

றப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் செல்வி அக்கா இடுப்பு வலிக்குத் தைலம் வாங்க வந்தார். "பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் விற்கலாகாது" என்ற வரியில் விரல் வைத்தார். நான் துரையை விட்டுக் கங்காணிக்கு மாறி, "பொம்பளைங்க எல்லாம் தள்ளி நில்லு" என்றேன். அக்கா என்னைவிட நல்ல கங்காணியாகக் குரலைத் தூக்கினார்: "விடியமுன்ன பால் வெட்டப் போ, வாளியத் தூக்கு, எல்லாத்துக்கும் பொம்பளையத்தான் கூப்புட்டானுங்க, இதுல மட்டும் எங்க மேல எம்புட்டு அக்கறை."

லைசன் எங்கே?

பயம் தாங்காமல் மாமா பலகையின் மேல் ஒரு பெரிய கோயில் காலண்டரை மாட்டினார். பக்கத்தில் தொங்கிய இப்போதைய லைசனும் அதற்குள் மறைந்துபோனதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

லைசன் பார்க்கிற சிங்கள இன்ஸ்பெக்டர் மாத்தயா வந்தார். "முதலாளி, லைசன் செவுத்துல தெரியிற மாதிரி போடணுமே. எங்க?"

மாமா பலகையை மறந்து, தைரியமாகக் காலண்டரைத் தூக்கினார். பளபளவென்று அபின் விற்பனை விதிகள்.

"மே மொகத, இதென்ன?" என்றார் அவர். மாமா என்னை முன்னால் தள்ளினார். நான் என் சொந்தக் குரலிலேயே சொன்னேன்: "முதல்ல வெள்ளைக்காரங்களே அபின் விக்கக் கடைக்கு லைசன் கொடுத்தாங்க சேர். பொறகு கடைய மூடச் சொல்லி, அபின் பழக்கம் உள்ள ஆளுங்க பேரைப் பதிஞ்சு, கவர்மென்ட் மருந்தகத்துல மட்டும் கொடுத்தாங்க. பூட்டன் சுக்கு, மிளகுக்கு மாறிட்டார்."

"கவர்மென்டே குடுத்ததா?"

"ஆமாங்க சேர். கொஞ்சங் கொஞ்சமா நிறுத்துறதுக்காம்."

அவர் பலகையை முழுசாக வாசித்தார். பிறகு ஒவ்வொரு மருந்து லாச்சியாக இழுத்து மோந்து பார்த்தார். கடைசியில் காலண்டரின் மறு ஓரத்தைத் தூக்கி, உள்ளே கிடந்த லைசனை எடுத்துத் தூசியை ஊதினார்: "முதலாளி, செத்துப்போன லைசனத் தொடச்சி வெச்சிருக்கீங்க, உசுரோட இருக்கிறதத் தூசியில போட்டிருக்கீங்க. புதுசு தர்றேன், இதையாவது ஆள் பாக்குற எடத்துல மாட்டுங்க."

விற்கச் சொல்வதும் கவர்மென்ட், விற்காதே என்பதும் கவர்மென்ட், இரண்டுக்கும் சுவரில் ஆணி அடிப்பது மட்டும் எங்கள் கடைக்காரர்கள்.