எண்ணெய் தேய்த்த சுவர்கள்

சின்னசேலம் பேருந்து நிலையத்தில் நின்றிருந்தபோது கைப்பேசி ஒலித்தது. "அம்மா போயிட்டாங்க சார்," என்றார் செல்வநாயகி டீச்சரின் ஒரே மகன் முருகவேல். நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. சரியாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

கள்ளக்குறிச்சியில் நானும் டீச்சரும் ஒரே பள்ளியில் பணியாற்றினோம். அவர் கணிதம், நான் தமிழ். அவரை அறியாதவர்களுக்கு அவர் வீட்டைச் சொன்னால் போதும் என்று தோன்றுகிறது. அறுபதுகளின் இறுதியில், கட்டடக்கலை படித்த கணவரோடு சேர்ந்து அவரே வரைந்து கட்டிய வீடு. கூடத்துச் சுவர்கள் முழுக்க வேங்கைப் பலகை. ஒல்லியான சாய்ந்த கால்களில் தாழ்வான தேக்கு நாற்காலிகள். சாப்பாட்டு அறையைப் பிரிக்கச் சுவர் இல்லை, மரச்சட்டங்கள்தான். மேற்கே ஒரே நீளச் சன்னல், அது நிறைய கல்வராயன் மலை.

முதன்முறை போனபோது நனைந்த குடையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன். "வைங்க சார், மரம் கடிக்காது," என்றார்.

பொங்கலுக்கு ஊரே வெள்ளையடிக்கும். டீச்சர் மட்டும் ஆளிவிதை எண்ணெயைத் துணியில் நனைத்துப் பலகைகளைத் தேய்ப்பார். எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார்.

"இன்னா டீச்சர், சொவுத்துக்கு எண்ண தேச்சிக்கினு கீறீங்க? சீயக்கா வேணுமா?"

"நீங்களே வந்து தேச்சி வுடுங்க, புண்ணியமாப் போவும்."

கணவர் இறந்தபோது, கருமாதிக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடிக்க உறவினர்கள் சுண்ணாம்போடு வந்தார்கள். வெளிச்சுவரோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லி, வாளியை வாசலிலேயே மறித்தார் டீச்சர். பிறகு என்னிடம் சொன்னார்: "எனக்குன்னு வரும்போது யாரு சார் மறிப்பா? நீங்க மறிங்க." தலையாட்டினேன்.

அவருடைய கருமாதிக்கு முந்தைய நாள் போனேன். கூடத்தில் பெயிண்ட் வாளி.

"அது மரமாச்சே தம்பி..."

"சாவு வூடு சார். தீட்டு போவ வேணாமா? இருட்டாவும் கீது," என்றார் முருகவேல். கண்கள் சிவந்திருந்தன. நான் ஒதுங்கி நின்றேன்.

பெயிண்டர் சலித்துக்கொண்டார். "எத்தினி தபா அடிச்சாலும் எண்ண மேல வந்துக்கினே கீதுங்க. நிக்கல."

ஒரு கணம் எனக்கு நம்பிக்கை வந்தது.

"அப்போ பலகைய பேத்து எடுத்துடு," என்றார் முருகவேல்.

இத்தனை பொங்கலுக்கு டீச்சர் ஊட்டிய எண்ணெயே அந்தப் பலகைகளுக்கு எமனானது. ஆணிகள் அலறிக்கொண்டு கழன்றன. மாலையில் தெருவோரம் அடுக்கிக் கிடந்த பலகைகளில் பாதி வெள்ளை, பாதி பழுப்பு. தொட்டேன். விரலில் எண்ணெய் ஒட்டியது.

டீச்சர், வாளி உள்ளே வந்துவிட்டது. என்னால் மறிக்க முடியவில்லை. போய் வாருங்கள்.