நாகலிங்கம் அளந்து கொடுத்த மருந்து

வக்குவா அரசாங்க டிஸ்பென்சரியில் நாகலிங்கம் இருபத்திரண்டு வருடம் கம்பவுண்டராக இருந்தார். தீவின் நடுவே மேட்டில் இருந்த, மழை விடாத ஊர் அது. இருமல்காரர்கள் காலை ஏழு மணிக்கே குடையோடு அவருடைய ஜன்னலுக்கு வெளியே வரிசையில் நிற்பார்கள். மருந்துக்குப் பாட்டில் அவரவர்தான் கொண்டுவர வேண்டும். கழுவாத பாட்டிலை நீட்டினால், வந்தவர் யாராக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுவார். கண்டிப்பானவர் என்று பெயர். அந்தப் பெயரில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

1952 ஜூன் மாதம், லண்டனில் படித்துவிட்டு வந்திருந்த டாக்டர் டானியேல் ஒரு சீட்டு எழுதி அனுப்பினார். அந்துவான் சவரிமுத்துவுக்குக் காலையும் மாலையும் மார்ஃபின் கலவை. ஜன்னலிலேயே நின்று குடிக்க வேண்டும், வீட்டுக்குக் கொடுத்தனுப்பக் கூடாது. சீட்டைப் படித்ததும் நாகலிங்கம் அதை எடுத்துக்கொண்டு நேரே டாக்டரின் அறைக்குப் போனார்.

அந்துவானை வக்குவாவில் எல்லோருக்கும் தெரியும். உலகப் போரில், சரக்கு இறக்கவும் சாலை போடவும் ஆள் எடுத்த பயனியர் படையோடு வட ஆப்பிரிக்காவுக்குப் போனவன். சரக்கு இறக்கும்போது பெட்டி சரிந்து இடுப்பு எலும்பு நொறுங்கியது. எகிப்தில் ராணுவ ஆஸ்பத்திரியில் நான்கு மாதம் கிடந்தான். வலிக்கு மார்ஃபின் போட்டார்கள். ஊர் திரும்பியபோது வலியும் கூடவே வந்தது, மார்ஃபின் பழக்கமும் கூடவே வந்தது. முதலில் தலைநகர் போர்ட் லூயிசில் அபின் புகைக்கும் வீடுகள், பிறகு துறைமுகத்தில் கப்பல்காரர்கள் ரகசியமாக விற்கும் மருந்துக் குப்பிகள். ஒருமுறை மூன்று மாதம் சிறையிலும் இருந்தான்.

"டாக்டர், இவன் நோயாளி இல்ல. போதைக்காரன்."

"ரெண்டும்தான், முசியே நாகலிங்கம்."

"நாம கொடுத்தா சர்க்காரே கொடுத்த மாதிரி ஆயிடும். நாளைக்குப் பத்து பேர் என் ஜன்னல்ல வந்து நிப்பாங்க."

"அந்தப் பத்து பேரும் இப்போ துறைமுகத்துல நிக்கிறாங்க. இங்க வந்தா என்ன கொடுக்கிறோம், எவ்வளவு கொடுக்கிறோம்னு நமக்குத் தெரியும். லண்டன்ல இதை டாக்டர்தான் முடிவு பண்ணுவார், போலீஸ் இல்ல."

"ஜெயில்ல மூணு மாசம் தொடாம இருந்தானே."

"வெளிய வந்ததும் முதல் ரயில்ல எங்க போனான்?"

நாகலிங்கம் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஆனாலும் மனம் ஒப்பவில்லை. தைப்பூசத்துக்குப் பத்து நாள் விரதம் இருந்து காவடி எடுக்கிறவர் அவர். போதைக்கு ஆளானவன் பல்லைக் கடித்தாவது விடவேண்டும், விட முடியாதென்றால் அது அவன் தலைவிதி என்றுதான் நினைத்திருந்தார்.

மறுநாள் அந்துவான் தன் மனைவி லிஸ்ஸோடு ஜன்னலுக்கு வந்தான். லிஸ் ராணுவ முகாமுக்குத் துணி வெளுத்து இஸ்திரி போடுகிறவள், விரல்களெல்லாம் வெந்து வெளுத்திருக்கும்.

"போர்ட் லூயிஸ்லேர்ந்து அனுமதி வரணும், மதாம்," என்றார் நாகலிங்கம். "எழுதியிருக்கேன்."

அனுமதி எதுவும் தேவையில்லை என்று அவருக்குத் தெரியும். கடிதமும் எழுதவில்லை. மார்ஃபின் பாட்டில் அவர் முதுகுக்குப் பின்னால் பூட்டிய அலமாரியில் இருந்தது, சாவி அவர் சட்டைப் பையில் இருந்தது. லிஸ் மறுபடியும் வந்தாள், மூன்று முறை. ஒவ்வொரு முறையும் அதே பதில்தான். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வரும் டாக்டர் கேட்டபோது, "இதோ, ரெண்டு நாள்ல ஆரம்பிச்சுடலாம்," என்று சமாளித்தார்.

ஒன்பதாம் நாள் காலை லிஸ் தனியாக வந்தாள். வரிசையில் நிற்காமல் நேராக ஜன்னலுக்கு வந்தாள்.

"முசியே, அவர் கையைக் கொஞ்சம் வந்து பாருங்க."

நாகலிங்கம் போய்ப் பார்த்தார். தகரக் கூரை வீடு. கட்டிலில் அந்துவான் காய்ச்சலில் பிதற்றிக்கொண்டிருந்தான். இடது கை முழங்கைக்குக் கீழே தொடைபோல வீங்கி, ஒரு சிவப்புக் கோடு அக்குள் வரை ஏறியிருந்தது. மருந்து கிடைக்காமல் போர்ட் லூயிஸ் போயிருக்கிறான் என்றாள் லிஸ். மூன்று பேர் போட்டுக்கொண்ட அதே ஊசியைக் கழுவாமல் வாங்கிப் போட்டிருக்கிறான்.

கழுவாத பாட்டிலைத் தொடக்கூட மாட்டாத மனிதர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு டாக்டருக்கு ஆள் அனுப்பினார்.

டாக்டர் வந்து கையைக் கீறிச் சீழை எடுத்தார். காலையும் மாலையும் பெனிசிலின் ஊசி போட நாகலிங்கமே வீட்டுக்கு நடந்தார். அன்றிலிருந்து மார்ஃபினையும் அளந்து கொடுத்தார். இரண்டு நாள் காய்ச்சல் இறங்கவேயில்லை. மூன்றாம் நாள் கட்டு மாற்றிவிட்டு வெளியே குழாயில் கை கழுவும்போது, துணி காயப்போட்டுக்கொண்டிருந்த லிஸ்ஸிடம் சொன்னார்.

"மதாம், போர்ட் லூயிசுக்கு நான் கடிதமே எழுதல. அனுமதி எதுவும் வேண்டியதில்ல. முதல் நாளே கொடுத்திருக்கலாம்."

லிஸ் கையிலிருந்த சட்டையைப் பிழிந்தாள். உதறினாள். கொடியில் போட்டாள்.

"நாளைக்கும் வருவீங்கல்ல?" என்றாள்.

"வருவேன்."

ஐந்தாம் நாள் காலை அவர் உள்ளே நுழைந்தபோது அந்துவான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து ரொட்டியைத் தேநீரில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தான். நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். குளிர்ந்திருந்தது. திரும்பும் வழியில், போக வேண்டிய ரயில் எதுவும் இல்லாமலே ஸ்டேஷன் பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வேலைக்குப் போனார்.

அதன் பிறகு காலை ஏழரைக்கும் மாலை நாலரைக்கும் அந்துவான் தவறாமல் வந்தான். கை ஆறியது. உடம்பில் சதை பிடித்தது. பஸ் நிலையத்தில் வண்டிகள் வந்துபோகும் நேரத்தைக் குறிக்கும் வேலை கிடைத்தது. ஆனால் ஊர் சும்மா இருக்கவில்லை. அரசாங்கமே விஷம் கொடுக்கிறது என்று ஒரு மனு எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். கோவில் கமிட்டியிலிருந்தும் இரண்டு பேர் போட்டிருந்தார்கள். மருத்துவ இலாகாவிலிருந்து இரண்டு அதிகாரிகளும் ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டரும் விசாரிக்க வந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் லிஸ்ஸைக் கேட்டார். "உன் புருஷன் இன்னும் அதே பழக்கத்துலதானே இருக்கான்? இதுல என்ன நன்மை?"

"போன வருஷம் இந்நேரம் அவர் எங்க விழுந்து கிடக்கிறார்னு எனக்குத் தெரியாது, முசியே," என்றாள் லிஸ். "இப்போ காலையில எங்க நிப்பார், சாயங்காலம் எங்க நிப்பார்னு வக்குவாவுக்கே தெரியும். ராத்திரி நான் தூங்குறேன்."

மூத்த அதிகாரி நாகலிங்கத்தின் பக்கம் திரும்பினார். "அவன் குணமாயிட்டான்னு சொல்வீங்களா?"

"இல்லீங்க."

"பின்னே?"

"உயிரோட இருக்கான். வேலைக்குப் போறான். உடம்புல புதுசா ஊசித் தழும்பு இல்ல." நிறுத்தினார். சொல்லாமல் விட்டிருக்கலாம். யாரும் அதைக் கேட்கவில்லை. "டாக்டர் எழுதிக் கொடுத்தும் ஒன்பது நாள் நான் கொடுக்காம வெச்சிருந்தேன். பொய் சொல்லி அனுப்பினேன். அந்த ஒன்பது நாள்ல என்ன ஆச்சுன்னு அவன் இடது கையைப் பாத்தா தெரியும்."

ஓரமாக நின்ற டாக்டர் டானியேல் தலையைக் குனிந்துகொண்டார். அந்துவான் சட்டைக் கையை மடித்து, கேட்காமலே மேஜைமேல் நீட்டினான்.

பதில் வர ஆறு வாரம் ஆனது. ஒரே உறையில் இரண்டு கடிதங்கள் இருந்தன. அந்துவானுக்கு மருந்து தொடரலாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை டாக்டர் அறிக்கை அனுப்ப வேண்டும், மற்றவர்களுக்கு இது விதியாகாது என்றது முதல் கடிதம். இரண்டாவது, கடமை தவறியதற்காக நாகலிங்கத்தைக் கண்டித்தது. அதை வீட்டில் மனைவி சிவகாமிக்குப் படித்துக் காட்டினார்.

"திட்டி எழுதியிருக்காங்க, நீங்க சிரிக்கிறீங்க," என்றாள் சிவகாமி.

"வேலையை விட்டே அனுப்பிடுவாங்கன்னு நினைச்சேன். அதை விடு, அவனுக்கு நிறுத்திடுவாங்களோன்னுதான் பயந்தேன்," என்றார். அன்று இரவு படுத்தவர் விடியும்வரை எழுந்திருக்கவில்லை.

மற்றவர்களுக்கு விதியாகாது என்ற வரி டாக்டரை மிகவும் உறுத்தியது. வருடா வருடம் எழுதிக்கொண்டேயிருந்தார். பலன் இல்லை. அந்துவானுக்கு மட்டும் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். ஒருமுறை அவசரப்பட்டு அதிகமாகக் குறைத்ததில் மூன்று நாள் நடுங்கிக் கிடந்தான். டாக்டர் மறுபடி ஏற்றினார், யாரும் அவனைக் குறை சொல்லவில்லை. கடைசியில் மாலையில் மட்டும் ஒரு சின்ன ஸ்பூன் என்று வந்து நின்றது. அதற்குக் கீழே போகவில்லை. அந்த ஒரு ஸ்பூனோடு அவன் வேலைக்குப் போனான், மகளுக்குக் கல்யாணம் செய்துவைத்தான், 1960இல் அடித்த கரோல் புயலில் பறந்துபோன கூரையைத் தானே ஏறி வேய்ந்தான்.

1963இல் நாகலிங்கம் ஓய்வு பெற்றார். கடைசி நாள் மாலை நாலரைக்கு அந்துவான் வந்து மருந்தைக் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டான்.

"நாளையிலேர்ந்து இங்க யாரு, முசியே?"

"அலான்னு ஒருத்தர். நல்ல மனுஷன். உன்னைப் பத்திச் சொல்லி வெச்சிருக்கேன்."

"என்ன சொன்னீங்க?"

"காத்திருக்க வைக்க வேண்டாம்னு."

அந்துவான் தலையாட்டினான். ஜன்னல் வழியாகக் கை நீட்டி நாகலிங்கத்தின் கையைக் குலுக்கினான். பிறகு தொப்பியை மாட்டிக்கொண்டு, இடுப்பை லேசாகச் சாய்த்து நடந்து பஸ் நிலையத்துக்குப் போனான். ஐந்து மணி வண்டியைக் குறிக்க நேரமாகிக்கொண்டிருந்தது.