பின்பக்கம் தடவின கடிதங்கள்

ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் ஸ்கேன் எடுக்கிற கடைக்கு, வ.புதுப்பட்டியிலிருந்து ஒரு அம்மா வந்தாங்க. ஒல்லியான உடம்பு, நரைச்ச கொண்டை. இறந்துபோன வீட்டுக்காரர் பட்டாளத்திலிருந்து எழுதின கடிதம் ஒரு பை நிறைய இருந்தது. வீட்டில் காகிதம் அடையுது, ஸ்கேன் எடுத்துட்டு எரிச்சிருன்னு மகன் பென் டிரைவ் கொடுத்துவிட்டிருக்கான்.

ஒவ்வொரு கடிதத்தையும் பின்பக்கம் விரலால் தடவிட்டுத்தான் கொடுத்தாங்க. முடிஞ்சதும் கம்ப்யூட்டரில் காட்டினேன். திரையைத் தொட்டுப் பார்த்தாங்க.

"வழுவழுன்னு இருக்கேப்பா."

"எழுத்து தெளிவா இருக்கும்மா, வாசிச்சுப் பாருங்க."

"எனக்கு எங்க வாசிக்கத் தெரியும்? அவிய பேனாவை அழுத்தி எழுதுவாக. பின்னால தடவுனா அம்புட்டும் கையில தட்டும்."

கடிதங்களைத் திரும்பப் பையில் அடுக்கினாங்க.

"மகன் கேட்டா?"

"எரிச்சாச்சுன்னு சொல்லுதேன். சாம்பலையா வந்து பார்க்கப் போறான்?"

போயிட்டாங்க. எனக்கு இதுவரை யாரும் ஒரு கடிதம் எழுதினதில்லை.