மைனியின் இடுப்புச் சாவி

நேற்றுக் காலை காபி குடித்துக்கொண்டிருந்தபோது ஜார்ஜியாவிலிருந்து என் மகள் படங்கள் அனுப்பினாள். இந்த ஜார்ஜியா அமெரிக்காவில் இருப்பது அல்ல, தனி நாடு. அவள் விசா எடுத்த பிறகுதான் எனக்கே தெரியும். கல் பாவிய தெரு, தொப்பி போட்ட கிழவர், காதில் முனிசிபாலிட்டி வில்லை மாட்டிய தெருநாய், மறுபடி நாய், மறுபடியும் நாய். கடைசியாக ஒரு படம். வயதான அம்மாள் ஒருத்தி வாசற்படியில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறாள், காலடியில் ஒரு நாய் சுருண்டு கிடக்கிறது. கீழே மகள் எழுதியிருந்தாள்: ‘லோன்லி சோல்ஸ்’. பக்கத்தில் கண்ணீர் விடும் மஞ்சள் மூஞ்சி. குடும்பக் குழுவில் ஆளாளுக்கு இதயங்களைப் பறக்க விட்டிருந்தார்கள்.

எனக்குச் சுருக்கென்று வந்தது. உடனே போன் போட்டேன்.

“பாப்பா, அந்த அம்மாகிட்ட கேட்டுட்டா எடுத்தே?”

“அரே அப்பா, அது கேண்டிட். கேண்டிட்னா கேக்காம எடுக்கிறதுதான்.”

“அவங்களுக்கு யாரும் இல்லன்னு உனக்கு யாரு சொன்னா?”

“பாத்தாலே தெரியுதுல்ல? சலோ, பஸ் வந்துடுச்சு, பை.”

பார்த்தாலே தெரிகிறதாம். கேட்காமல் எடுப்பதற்கு கேண்டிட் என்று பெயராம். தாராவியில் நாங்கள் இருந்த காலத்தில், கேட்காமல் எடுப்பவனுக்கு வேறு பெயர் இருந்தது. அகப்பட்டால் நாலு சாத்தும் விழும்.

படத்தை விரலால் இழுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். இந்த வித்தையும் மகள் கற்றுக்கொடுத்ததுதான். அந்த அம்மாளுக்குப் பின்னால் ஒரு கதவு பாதி திறந்திருந்தது. கதவோரம் ஒரு ஜோடி ஆம்பளைச் செருப்பு. அதைப் போட்டுக்கொண்டு வந்தவர் உள்ளே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கலாம், யார் கண்டது? வாசற்படி அப்போதுதான் கழுவிவிட்டதுபோல ஈரமாக இருந்தது. ஈரத் தரையைப் பார்த்தால் எனக்கு பினாயில் வாசனை வந்துவிடும். பினாயில் வாசனை வந்தால் மைனி ஞாபகம் வராமல் இருக்காது.

மைனி என்றால் என் அண்ணன் மனைவி. திருநெல்வேலிப் பக்கம் மதினியை அப்படித்தான் கூப்பிடுவோம். வேலை தேடி பம்பாய்க்கு வந்த நான், தாராவியில் அண்ணன் வீட்டில்தான் ஒண்டினேன். ஒரே அறை. அதிலேயே சமையல், அதிலேயே படுக்கை. ஆனால் அந்தத் தரையைப் போலச் சுத்தமான தரையை இன்றுவரை நான் எந்த ஓட்டலிலும் பார்த்ததில்லை. கடப்பைக் கல் போட்டிருந்த தரைக்கு, தோல்பைப் பட்டறையில் பை தைத்துச் சேர்த்த காசில் மைனி வெள்ளை லாதி ஒட்டினாள். லாதி என்றால் டைல்ஸ்தான். ஒட்ட வந்த கொத்தனாரிடம் ஒரு கல் கோணல் என்று சண்டை போட்டுப் பெயர்த்து மறுபடி ஒட்டவைத்தவள் அவள். மத்தியானம் பட்டறையிலிருந்து வந்ததும் முதல் வேலை, பினாயில் ஊற்றி போச்சாத் துணி போட்டுத் துடைப்பது. ஈரம் காயும்வரை ஒருவரும் உள்ளே கால் வைக்கக்கூடாது. அவளே வைக்கமாட்டாள். கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிடுவாள். பூட்டாவிட்டால் நான் சேற்றுக் காலோடு உள்ளே போய்விடுவேன் என்பது அவள் கட்சி. அனுபவத்தில் சொன்னதுதான், மறுக்க முடியாது.

அப்படி உட்கார்ந்திருக்கும்போது துணைக்கு ஒரு நாய் வரும். மைனி அதைச் செவலை என்பாள். எதிர் வீட்டு மராத்திக்காரி அதையே லால்யா என்பாள். பட்டறை நடத்திய தென்காசிப் பக்கத்து பாய், தொரை என்று கூப்பிடுவார். எந்தப் பெயருக்கும் வாலாட்டும், எல்லா வீட்டிலும் சாப்பிடும். வெள்ளிக்கிழமை பாய் வீட்டு பிரியாணி எலும்பு கிடைத்தால் போதும், மத்தியானம் முழுக்க அசைய முடியாமல் கிடக்கும்.

அந்தக் காலத்தில்தான் எங்கள் சந்துக்குள் வெள்ளைக்காரர்கள் கூட்டங்கூட்டமாக வர ஆரம்பித்தார்கள். முன்னால் ஒரு கைடு, பின்னால் அரை டிராயர்களும் தண்ணீர் பாட்டில்களும். மூக்கைச் சுருக்கிக்கொண்டு, முகத்தில் மட்டும் ஒரு புன்னகை. நான் அப்போது கோட்டைப் பக்கம் ஒரு டிராவல்ஸ் ஆபீசில் சேர்ந்திருந்தேன். இவர்களில் பாதிப் பேருக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்தவனே நான்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆபீசுக்கு வழவழவென்ற வெளிநாட்டுப் பத்திரிகைகள் வரும். ஒருநாள் மேனேஜர் ஒன்றைப் பிரித்து நீட்டினார். மாட்டுங்காவில் தலைமுறை தலைமுறையாக இருக்கிற மனிதர், படம் எடுப்பதில் கொஞ்சம் பித்து உண்டு.

“லைட்டைப் பாருங்கோ! முகத்துல எவ்வளவு சோகம். பாவம், இவாளுக்கெல்லாம் ஒண்ணுமே இல்லே.”

பார்த்தேன். ஒரு பக்கம் முழுக்க மைனி! அவள் கட்டியிருந்தது என் முதல் சம்பளத்தில் நான் எடுத்துக்கொடுத்த பச்சைச் சேலை. தலை குனிந்திருக்கிறாள். காலடியில் செவலை. பின்னால் எல்லாம் இருட்டடித்து மங்கலாகி, சுவரா வானமா என்று தெரியவில்லை. கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி. தமிழில் சொன்னால், ‘வீடற்ற இருவர், மும்பை’.

“சார், இது என் மைனி.”

மேனேஜர் என்னை மேலும் கீழும் பார்த்தார். குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார்:

“அப்போ நீங்க ராத்திரி எங்கே படுத்துக்கறேள்?”

இதைச் சொல்லும்போது இப்போதும் எனக்குக் காது சுடுகிறது. ஒரே ஆபீசில் வேலை பார்ப்பவன் நான், இஸ்திரி போட்ட சட்டையோடு முன்னால் நிற்கிறேன். அந்த மனிதர் என்னை நம்பவில்லை, அச்சடித்த காகிதத்தை நம்பினார். பத்திரிகையைக் கேட்காமலே பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அதுவும் கேண்டிட்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மைனி படத்தை முதலில் பார்த்ததும் சிரித்தாள். “ஏ, நம்ம செவல! அன்னிக்கு வந்தவன் நாயத்தான எடுக்கான்னு நெனச்சேன். இந்த மூதி தூங்கிக்கிட்டே கெடந்துச்சு. குனிஞ்சு, ‘எந்திரில, மூஞ்சியக் காட்டுல’ன்னு சொல்லிக்கிட்டு இருந்தேன்.”

மேனேஜர் கண்ட சோகம் இவ்வளவுதான். பிரியாணி மயக்கத்தில் கிடந்த நாயைப் படத்துக்கு எழுப்பியிருக்கிறாள்.

“கீழ என்ன எழுதிருக்கான் தம்பி?”

சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னேன். அவள் சிரிப்பு நின்றது. படத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். பிறகு விரலால் ஓரிடத்தைக் குத்திக் காட்டினாள். பச்சைச் சேலையின் இடுப்பு மடிப்பில் வெளிச்சம் பட்டுச் சின்னதாக ஒன்று மின்னியது.

“இது என்னதாம்? சாவி தெரியலயா அவனுக்கு? கண்ணு அவிஞ்சா போச்சு? வீடு இல்லாதவ எதப் பூட்டிட்டு வந்து உக்காருவா?”

அன்று அவள் சாப்பிடவில்லை. “எங்க அய்யா அம்மா இதப் பாத்தா, மவ தெருவுல கெடக்கான்னுல்ல நெனப்பாவ,” என்று மட்டும் இரண்டொரு தடவை சொன்னாள். பை தைத்துத் தைத்து விரல் நுனி மரத்துப் போனவள். அந்தக் கதவும் பூட்டும் வெள்ளை லாதியும்தான் அவள் வாழ்ந்து காட்டியது. எங்கிருந்தோ வந்த ஒருவன் முட்டி போட்டு ஒரு நிமிஷத்தில் அதையெல்லாம் இருட்டடித்துவிட்டுப் போனான். அவன் நல்லவனாகவே இருக்கலாம், நாய்ப் பிரியனாகவும் இருக்கலாம். இருந்துவிட்டுப் போகட்டும். ‘இது உன் வீடா?’ என்று கையைக் காட்டிக் கேட்க எந்த பாஷை வேண்டும்?

செவலை ஒரு மழைக்காலத்தில் செத்துப்போனது. எதிர் வீட்டு மராத்திக்காரி அழுதாள். பாய் பட்டறையை மூடிவிட்டு உல்லாஸ்நகர் போனார். பிறகு, இடித்துவிட்டு மாடிக் கட்டடம் கட்டித் தருகிறோம் என்று எங்கள் சந்துக்கும் ஆட்கள் வந்தார்கள். காலி செய்கிற அன்று எல்லோரிடமும் சாவி வாங்கினார்கள். மைனி பூட்டைக் கழற்றி அவர்கள் கையில் வைத்தாள்.

“பூட்ட வச்சிக்கிடுங்க. சாவி எங்கிட்ட இருக்கட்டும். புதுச் சாவி தாங்க, இதத் தாரேன்.”

பூட்டு மட்டும் எதற்கு என்று சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்கள்.

அண்ணனும் மைனியும் இப்போது சுனாபட்டியில் வாடகைக்கு இருக்கிறார்கள். அதற்குள் ஒரு தடவை வீடு மாறியாயிற்று, இந்த வீட்டுக்காரரும் காலி செய்யச் சொல்கிறாராம். எங்கள் சந்து இருந்த இடத்தில் தகர வேலி போட்டு, உள்ளே புல் முளைத்துக் கிடக்கிறது. போன வாரம் போயிருந்தபோது மைனி வாடகை வீட்டுத் தரையைத் துடைத்துவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அந்தப் படத்துக்குக் கீழே எழுதிய வரி இப்போதுதான் உண்மையாகியிருக்கிறது. இப்போது வந்து எடுக்கட்டுமே! ஒருத்தனைக் காணோம்.

அவளுக்குப் பின்னால் இருந்த கதவு அன்று படத்தில் விழவில்லை. இன்று தாராவியிலும் அது இல்லை. பெஞ்சிலிருந்து எழுந்தவள், எனக்கு டீ போட உள்ளே போகும் முன், இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அந்தப் பழைய சாவியை அங்கேதான் செருகியிருந்தாள்.