தராசு அண்ணி இறக்கிவிட்ட பெட்டிகள்

என் வீட்டுக்காரரின் அக்காவை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பின்னால் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. நேரில் 'வாங்க அண்ணி, உட்காருங்க அண்ணி' என்றுதான் சொல்வேன். மனசுக்குள் அவள் 'அவள்'தான். இங்கேயும் அப்படியே சொல்கிறேன்.

எங்கள் ஊர் விமான நிலையத்தில் அவளுக்கு எடை பார்க்கிற வேலை. பயணிகள் எத்தனை பேர், சரக்கு எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு என்று கூட்டிப் பார்த்து, இவ்வளவுதான் ஏற்றலாம் என்று அவள் கையெழுத்துப் போட்டால்தான் விமானம் நகரும். அதனால் நிலையத்தில் அவளுக்குத் 'தராசு' என்று பேர். அன்பில் வைத்த பேர் இல்லை. டாக்சிக்காரர்கள், தீயணைப்பு வண்டிக்காரர்கள், கேன்டீன்காரர் எல்லோரும் முதுகுக்குப் பின்னால் அப்படித்தான் சொல்வார்கள். அவள் காதிலும் விழும். விழுந்தாலும் முகத்தில் ஒரு சுருக்கம் கூட விழாது. புருஷன் போய்ப் பல வருஷம் ஆகிறது. ஒரே மகளைத் தனியாக வளர்த்து, படிக்க வைத்து, பெரிய நகரத்தில் கட்டிக்கொடுத்தாள். யாரிடமும் ஒரு உதவி கேட்டதில்லை. அதையும் ஒரு குற்றமாகவே நான் வைத்திருக்கிறேன். அவள் கேட்டால்தானே நாமும் திருப்பிக் கேட்க முடியும்?

நாங்கள் கலர் மீன் வளர்க்கிறவர்கள். வீட்டுக்குப் பின்னால் வரிசையாகச் சிமென்ட் தொட்டிகள். அனுப்புவதற்கு முன்னால் மீனுக்குத் தீனி போடக் கூடாது. போட்டால் பைத் தண்ணீரை அதுவே கெடுத்துக்கொண்டு சாகும். பட்டினி போட்டு, பிளாஸ்டிக் பையில் கொஞ்சம் தண்ணீரும் மீதிக்கு ஆக்சிஜனும் அடைத்து, ரப்பர் வளையம் இறுக்கி, தெர்மாகோல் பெட்டியில் அடுக்கி நீல டேப் ஒட்டுவோம். அதற்கப்புறம் ஓட்டம்தான். பஸ்ஸில் போட்டால் போய்ச் சேருவது மீன் இல்லை, கருவாடு. மொத்தமாக வாங்குகிறவர் பெரிய நகரத்தில் ஒரே ஒருவர். இங்கிருந்து அங்கே போவது ஒரே ஒரு விமானம். அதுவும் மதியம், வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில்.

வெயில் ஏறினால் காற்று லேசாகிவிடுமாம். லேசான காற்றில் விமானம் எழும்ப இன்னும் கொஞ்ச தூரம் ஓட வேண்டுமாம். எங்கள் ஊர் ஓடுபாதை குட்டை. ஆகவே பாரத்தைக் குறை. ஆளை இறக்கினால் ஆள் சண்டைக்கு வருவான், பெட்டி வராது. எந்தப் பெட்டியை இறக்குவது என்பது அண்ணியின் இஷ்டம். அவள் இஷ்டம் எப்போதும் ஒன்றுதான்: தம்பி வீட்டுப் பெட்டியை முதலில் இறக்கு. தம்பிக்குச் சலுகை காட்டினாள் என்று ஒருத்தன் சொல்லிவிடக் கூடாதாம். ஊர் வாயை அடைக்க எங்கள் மீன்தான் கிடைத்தது.

இறக்கிய பெட்டி தள்ளுவண்டியில் திரும்பி வருவதைப் பார்த்தால் வயிறு எரியும். வீட்டுக்குக் கொண்டுவந்து ஒவ்வொரு பையாகத் திறந்தால் பாதி மல்லாந்து மிதக்கும். நிலையத்து வாசலிலோ 'பசுமை விமான நிலையம்' என்று பெரிய பலகை. கூரையில் சூரியத் தகடுகள், நடைபாதையில் தொட்டிச் செடிகள். விமானம் பாதி வயிறு காலியாகப் பறந்தாலும் எரிகிற எண்ணெயில் பெரிய குறைவில்லை, அதைப் பற்றிப் பலகையில் ஒன்றும் எழுதவில்லை. நிலையத்து டைரக்டர் ஏறுகிற மேடையிலெல்லாம் "நம் வட்டாரத்தின் வளர்ச்சி இறக்கை கட்டிப் பறக்கிறது" என்பார். வளர்ச்சி தள்ளுவண்டியில் திரும்பி வருவது அவருடைய ஏசி அறை ஜன்னலுக்குத் தெரியாது போல.

என் வீட்டுக்காரர் சாது. அக்கா எதிரில் வாயே திறக்க மாட்டார். ஆனால் சாதுவும் சில சமயம் யோசிக்கும். பூத்தோட்டம் வைத்திருக்கிற நண்பர் ஒருவர் அதே விமானத்தில் பூ அனுப்புகிறவர். அவர் பேரிலேயே எங்கள் பெட்டிகளையும் இவர் பதிந்துவிட்டார். நம்பினால் நம்புங்கள், அதற்கப்புறம் ஒரு பெட்டி கூடத் திரும்பி வரவில்லை. வாரக்கணக்கில் எங்கள் மீன் பூவாகப் பறந்தது. ஒருநாள் ஒரு பை கசிந்து, பெட்டி ஒழுகி, அண்ணி குனிந்து முகர்ந்து பார்க்கும்வரைக்கும்.

சீருடையைக் கூட மாற்றாமல் நேராக வீட்டுக்கு வந்தாள்.

"பூவுல என்னைக்கிலிருந்துடா மீன் வாடை வருது?" என்றாள் தம்பியைப் பார்த்து.

தம்பி தொட்டியைப் பார்த்தார். நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தேன்.

"பூக்காரர் பேர்ல போனப்ப ஒரு பெட்டியாவது இறங்குச்சா அண்ணி? எங்க பேரு இருந்தாத்தான் பாரமாயிடுமா?"

"ஆமா. உங்க பெட்டியத்தான் முதல்ல இறக்குவேன். நாளைக்கு ஒருத்தன் என்னைக் கேள்வி கேக்கக் கூடாது."

"நாங்க கேக்குறோமே, இது கேள்வி இல்லையா?"

"வீட்டு ஆளுங்க பொறுத்துக்கலாம்."

"மீன் பொறுத்துக்காது. உங்க தயவும் எங்களுக்கு வேணாம். யார் முதல்ல கொண்டாந்து குடுக்குறாங்களோ அவங்க பெட்டி முதல்ல ஏறட்டும். கடைசியா வந்தவன் பெட்டி முதல்ல இறங்கட்டும். வரிசைப்படி செய்யுங்க. முடியுமா உங்களால?"

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "செய்யுறேன். அப்புறம் நீயே வந்து கெஞ்சினாலும் மாத்த மாட்டேன்."

"கெஞ்சினா என் பேரை மாத்திக்கறேன்."

சொன்னபடி செய்தாள், அதை மறுக்க முடியாது. என் வீட்டுக்காரர் காலையிலேயே ஓடி வரிசையில் முதல் ஆளாக நிற்கப் பழகிக்கொண்டார். கொஞ்ச காலம் மீன் ஒழுங்காகப் பறந்தது. எனக்கு அவளோடு சண்டை போட வேறு காரணம் தேட வேண்டியிருந்தது.

அதுவும் சீக்கிரமே கிடைத்தது. விடியற்காலையில் காற்று குளிர்ந்து கனமாக இருக்கும், அப்போது பறந்தால் எல்லாச் சரக்கும் ஏறும். இது ஊரில் எல்லோருக்கும் தெரியும், கேன்டீன்காரருக்குக் கூடத் தெரியும். ஆனால் விடியலில் விமானம் கிளம்ப வேண்டுமென்றால் விமானி இங்கே தங்க வேண்டும், தீயணைப்புக்காரர்கள் இருட்டோடு வர வேண்டும், டாக்சிக்காரர்கள் தூக்கத்தை விட வேண்டும். யார் விடுவார்கள்? யாரும் வாய் திறக்காத விஷயத்தை இவள் மனுவாக எழுதி டைரக்டரிடம் கொடுத்தாள். அன்றிலிருந்து கேன்டீனில் இவளுக்கு ஆறின டீதான் வந்தது.

டைரக்டருக்கு வேறு ஆசை. ஓடுபாதையை ஏரிவரைக்கும் நீட்ட வேண்டும், ஏரியில் மண் கொட்டி அதற்கு மேலும் நீட்ட வேண்டும். ஊர்க் கூட்டம் போட்டார். திரையில் படமெல்லாம் காட்டி, "ரன்வே நீண்டால் நம் எல்லோருடைய வாழ்க்கையும் நீளும்" என்றார். நான் கைதட்டினேன். அண்ணி ஒருத்திதான் எழுந்து நின்றாள்.

"காலையில பறந்தா இருக்குற ரன்வேயே போதும் சார். ஏரியை எதுக்கு மூடணும்?"

பின்வரிசையில் யாரோ விசிலடித்தார்கள். எனக்குக் குளுகுளுவென்று இருந்தது. ஏரி போனால் எங்கள் கிணறும் போகும், கிணறு போனால் தொட்டியும் போகும் என்பது எனக்கும் தெரியும். அவள் வாயால் அது வந்ததுதான் பிடிக்கவில்லை.

இந்த நிலையில்தான் கோடை முற்றியது. வரிசையில் முந்தி நின்றும் இரண்டு தடவை பெட்டி திரும்பிவிட்டது. அவ்வளவு வெயில், யார் சரக்கும் ஏறவில்லை. வாங்குகிறவர் போன் செய்தார். "இன்னொரு தடவை மீன் வரலேன்னா நான் வேற ஆளைப் பாத்துக்குறேன்மா, தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். அவரை விட்டால் எங்களுக்கு வேறு ஆள் கிடையாது. தொட்டிகளைத் துணி துவைக்கத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த தடவை அனுப்பிய அன்று அண்ணி விடுப்பில் இருந்தாள். மகளுக்குத் தலைப்பிரசவம், வலி எடுத்துவிட்டது என்று காலையில் போன் வந்திருந்தது. வேலை செய்கிறவர்களுக்குச் சலுகை டிக்கெட் உண்டு, அதைத் தொட மாட்டாள். முழுக் காசு கொடுத்து மதிய விமானத்தில் ஜன்னலோரம் இடம் வாங்கியிருந்தாள்.

எங்கள் கெட்ட நேரம், பாதிப் பையில் ஆக்சிஜன் உருளை தீர்ந்துபோனது. வேறு உருளைக்கு அலைந்து, அடைத்து, கொண்டுபோய்ச் சேர்த்தபோது வரிசையில் நாங்கள்தான் கடைசி. எங்களுக்கு முன்னால் பூக்காரர்.

எடை மேஜையில் அன்றைக்கு அண்ணிக்குக் கீழே வேலை பார்க்கிற உதவியாளர். நல்ல மனிதர். நல்ல மனிதராக இருந்து என்ன பிரயோஜனம், வெயில் கேட்குமா? ஏற்றின பெட்டிகளை இறக்கச் சொன்னார். நான் சரக்குக் கொட்டகையின் கம்பி வலைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். நீல டேப் ஒட்டிய எங்கள் பெட்டிகள் வந்தன. பின்னால் பூக்கூடைகளும் வந்தன.  என் வீட்டுக்காரர் தரையில் உட்கார்ந்தே விட்டார்.

அப்போதுதான் விமானத்தின் படியில் யாரோ இறங்கினார்கள். கையில் ஒரே ஒரு பை. அண்ணி.

விமானத்தில் பயணியை நிறுத்தி எடை போடுவதில்லை. குண்டோ ஒல்லியோ, ஆளுக்கு இவ்வளவு என்று ஒரே கணக்கு. அந்த ஒரு ஆள் கணக்குக்கு எங்கள் பெட்டிகள் மொத்தமும் அடங்கும். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். என்னை அறியாமல் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன். யாரை என்று கேட்காதீர்கள்.

உதவியாளர் ஓடிப்போய்த் தாளைக் காட்டினார். அவள் வாங்கிப் பார்த்தாள். திரும்பி எங்கள் பெட்டிகளைப் பார்த்தாள். அவற்றுக்குப் பின்னாலிருந்த பூக்கூடைகளைப் பார்த்தாள். மறுபடியும் தாளைப் பார்த்தாள். பிறகு ஏதோ சொல்லிவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

பூக்கூடைகள் ஏறின. அந்த ஒரு ஆள் கணக்கு அதோடு தீர்ந்தது. கதவு மூடிவிட்டது.

உதவியாளரே கொட்டகைக்கு வந்து சொன்னார். "ஜன்னல்லேர்ந்து உங்க நீல டேப்பை மட்டும்தான் பாத்திருக்காங்க. பூவும் இறங்கினது அவங்களுக்குத் தெரியல. 'யார் கேக்கப் போறா மேடம், மீனையே ஏத்திடுறேன்'னு சொன்னேன். 'வரிசைப்படி போடு'ன்னுட்டாங்க. சரி, நீங்களாவது திரும்ப ஏறுங்கன்னேன். பூவை மறுபடி இறக்கணுமே, வேணாம்னுட்டாங்க."

அவள் வெளியே வந்ததும் நான் வாசலிலேயே பிடித்துக்கொண்டேன். "உங்க நெஞ்சுல இருக்குறது ஈரமா, இரும்பா? இறங்கினதுதான் இறங்கினீங்க, மீனை ஏத்துன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"பெட்டியைத் தூக்கு. மீன் செத்துடும்" என்றாள். எங்கள் வண்டியில் பெட்டிகளுக்கு நடுவில் அவளே ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்து பைகளைத் தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டு, சூடு சமமானதும் ஒவ்வொன்றாகத் திறந்தோம். அவள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு எதிரில் உட்கார்ந்து திறந்தாள்.  நடுவில் வாங்குகிறவர் போன் செய்தார். என் வீட்டுக்காரர் "சரிங்க, சரிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். முடிந்தது.

அந்த நேரம் பார்த்து டைரக்டரின் கார் வந்து நின்றது. இறங்கி வந்து, மிதக்கிற மீன்களைப் பார்த்து உச்சுக் கொட்டினார். பையிலிருந்து போனை எடுத்தார்.

"ரொம்பக் கஷ்டமா இருக்கும்மா. ரெண்டு போட்டோ எடுத்துக்கட்டுமா? ரன்வே ஃபைல்ல வச்சா உடனே அனுமதி கிடைக்கும்."

"எடுங்க சார்," என்றேன். "காலை விமானம் கேட்டு எங்க அண்ணி ஒரு மனு குடுத்தாங்களே, அதே ஃபைல்ல அதுவும் இருக்குன்னா எடுங்க."

போன் பைக்குள் போனது. காரும் போனது. "உங்க அண்ணி பேச்செல்லாம் உனக்கு எதுக்கு?" என்று அவள் மீனைப் பார்த்தபடி முணுமுணுத்தாள்.

பிறகு அவளுடைய போன் அடித்தது. அவள் இரண்டு கையும் தண்ணீரில் இருந்ததால் நான்தான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன். மகளின் குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி களைத்துப் போயிருந்தது.

"அம்மா, பொண்ணு பொறந்திருக்கா. நீ எங்கம்மா இருக்க? இவரு ஏர்போர்ட்ல நின்னு பாத்துட்டு, நீ வரலேன்னு திரும்பி வந்துட்டாரு."

"இடம் இல்லடி," என்றாள் அண்ணி. "வெயில்ல பாரம் ஜாஸ்தின்னு இறக்கி விட்டுட்டாங்க. பஸ்ல வந்துடுறேன்."

"உன்னையேவாம்மா?"

"ஆமாடி. என்னையேதான்."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு கிலோ கூட்டியோ குறைத்தோ எழுத மாட்டாளாம். எங்கள் சோற்றுக்காக ஒரு பெட்டியை முன்னே பின்னே தள்ள மாட்டாளாம். எங்களைக் காட்டிக்கொடுக்காமல் இருக்க, பெற்ற மகளிடம் அதுவும் இந்த நேரத்தில் பொய் சொல்வாளாம். போனை வாய்க்கு நேராகப் பிடித்தேன்.

"இடம் இருந்துச்சுடி கண்ணு. எங்க மீனுக்காக உங்கம்மாதான் இறங்கினாங்க. மீனும் ஏறல."

 அந்தப் பக்கம் விசும்பல் கேட்டது. அண்ணியின் முகம் சிவந்துவிட்டது, கண்ணில் தண்ணீர் முட்டியது.

"உன்னை யாருடி சொல்லச் சொன்னா?" என்று என்னைப் பார்த்துக் கத்தினாள்.

"உங்களை யாரு இறங்கச் சொன்னா?" என்று நானும் கத்தினேன்.

போனுக்குள் குழந்தை வீறிட்டது. இரண்டு பேரும் கத்துவதை விட்டுவிட்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.